வேலையும் போய், உடம்பும் முடியாமல்: வயதானவருக்கு அரசு உதவி வாங்கித் தருபவர்கள் கேட்கும் கேள்விகள்

என் சித்தப்பா நூற்பாலைத் தொழிலாளி. 56 வயதில் சர்க்கரை முற்றி வலது கால் பெருவிரலை எடுத்தார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை, அதனால் வேலையும் போனது. தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, பி.எஃப். ஆபீஸ் என்று அவரைக் கூட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம் அலைந்தேன். அப்புறம் "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்று சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் அவரவர் அப்பா அம்மாவுக்காகக் கேட்க ஆரம்பித்தார்கள். சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுக்கானவை. தொகைகள் அரசாணை வந்தால் மாறும் என்பதால் எந்த ஆண்டுத் தொகை என்றும் சேர்த்தே சொல்கிறேன்.

1. "அப்பாவுக்கு 57 வயசு. சர்க்கரை இருக்கு, ஒரு அட்டாக் வந்திருக்கு, வேலையும் போயிடுச்சு. முதியோர் பணம் போட முடியுமா?"

முடியாது. ஓ.ஏ.பி. என்று நாம் சொல்லும் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்துக்கு 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள ஆதரவற்றவர் என்பதும் நிபந்தனை. 57 வயதென்றால் எத்தனை நோய் இருந்தாலும் அந்த மனு திரும்பித்தான் வரும். ஆதாரில் வயதைக் கூட்டிப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பின்னால் பி.எஃப்., வங்கி, காப்பீடு என்று ஒவ்வொரு இடத்திலும் அந்த வயது முட்டிக்கொண்டு நிற்கும்.

50-க்கும் 60-க்கும் நடுவில் வேலை இழந்தவர்கள்தான் ரொம்பத் தவிக்கிறார்கள். வேலை கேட்டுப் போனால் வயதாகிவிட்டது என்கிறார்கள், உதவி கேட்டுப் போனால் வயது பற்றாது என்கிறார்கள். ஆனால் வயது ஒன்றுதான் வழி என்று நினைத்து ஓய்ந்துவிட வேண்டாம். உடம்பின் நிலை, இதுவரை செய்த வேலை, குடும்ப நிலை என்று இன்னும் மூன்று வழி இருக்கிறது. அவருக்குப் பொருந்துவது எது என்று கண்டுபிடிப்பதுதான் கூட வருபவரின் முதல் வேலை.

2. "அப்போ எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது? நேரா தாலுகா ஆபீஸ் போயிடலாமா?"

போகாதீர்கள். முதலில் அவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். இருபது வயதிலிருந்து எங்கெங்கே வேலை பார்த்தார், சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்களா, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) ஆஸ்பத்திரியில் எப்போதாவது மருந்து வாங்கினாரா, நலவாரிய அட்டை என்று ஏதாவது போட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். என் சித்தப்பா "எனக்கு ஒண்ணுமே கிடையாதுடா" என்றுதான் ஆரம்பித்தார். சித்தி போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், ஓரம் கரையான் அரித்த ஒரு சம்பளச் சீட்டு கிடைத்தது. அதில் பி.எஃப். எண் இருந்தது. கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ஒரு சீட்டுதான்.

பெண் என்றால் குடும்ப நிலையைத் தனியாகக் கேட்க வேண்டும். ஆதரவற்ற விதவைக்கு 60 வரை காத்திருக்கத் தேவையில்லை, 18 வயதிலிருந்தே ஓய்வூதியம் உண்டு. கணவரால் கைவிடப்பட்டவருக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், பிரிந்து குறைந்தது 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும் அல்லது சட்டப்படி பிரிந்த சான்று வேண்டும். கல்யாணமே ஆகாத ஏழைப் பெண்ணுக்கு 50 வயதிலிருந்து உண்டு. "எனக்கு 60 ஆகலையே" என்று சும்மா உட்கார்ந்திருந்த விதவைகள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். 1,000 ரூபாயாக இருந்த முதியோர், விதவை ஓய்வூதியம் 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ஆனது.

3. "என்னென்ன பேப்பர் எடுத்து வைக்கணும்?"

ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், வாக்காளர் அட்டை, போட்டோ, வருமானச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டுகள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். யாரும் கவனிக்காதது பெயர். ஆதாரில் "சுப்பிரமணி", ரேஷன் கார்டில் "சுப்ரமணியன்", பி.எஃப்.-இல் இன்ஷியல் இல்லாமல் "மணி" என்று இருந்தால் மூன்று பேரும் வேறு வேறு ஆள் என்றுதான் கம்ப்யூட்டர் நினைக்கும். மனு போடுவதற்கு முன்னால் பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாக்கிவிடுங்கள். ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரே ஒரு தடவைதான் மாற்ற முடியும், அதனால் சரியான ஆதாரத்தை வைத்துக்கொண்டு மாற்றுங்கள். இப்போது பயன்பாட்டில் இருக்கும் செல் நம்பர் ஆதாரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஓ.டி.பி. வேறு யாருடைய போனுக்கோ போகும்.

வருமானச் சான்று இ-சேவை மையத்தில் போடலாம். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்து வட்டாட்சியர் கையெழுத்தோடு வரும், ஒரு வருஷம் செல்லும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். ஓ.பி. சீட்டு பத்து இருப்பதைவிட டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று மேல்.

4. "சர்க்கரை, பிரஷர், ஹார்ட் எல்லாம் இருக்கு. மாற்றுத்திறனாளின்னு சர்ட்டிஃபிகேட் குடுப்பாங்களா?"

இந்த நோய்கள் இருக்கின்றன என்பதற்காக மட்டும் கொடுக்க மாட்டார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பார்வை, காது, கை கால் முடக்கம், மனநோய், பார்க்கின்சன், நாள்பட்ட நரம்பியல் நோய்கள் போன்றவை அதில் இருக்கின்றன. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இதய நோயும் இல்லை.

ஆனால் அந்த நோய் உடம்பில் எதைக் கெடுத்துவைத்திருக்கிறது என்று பாருங்கள். சர்க்கரையால் காலை எடுத்திருந்தால் அது உடல் இயக்கக் குறைபாடு. சர்க்கரை கண்ணைப் பாதித்திருந்தால் அது பார்வைக் குறைபாடு. பிரஷர் கூடிப் பக்கவாதம் வந்து ஒரு கை தூக்க முடியவில்லை என்றால் அதுவும் கணக்கில் வரும். டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்லி நிறுத்தாமல், அதனால் எது முடியவில்லை என்று சொல்லப் பழக்குங்கள்.

யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் மனு போட்டு, அரசு ஆஸ்பத்திரி மருத்துவக் குழு முன் போக வேண்டும். 40 சதவீதம் என்பது முக்கியமான கோடு. 18 வயதுக்கு மேல், 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள ஆதரவற்ற மாற்றுத்திறனாளிக்கு வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம் 2023 ஜனவரியிலிருந்து 1,500 ரூபாய். 57 வயதுக்காரருக்கு முதலாம் கேள்வியில் மூடிய கதவு பல சமயம் இங்கேதான் திறக்கிறது. கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியாகப் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 75 சதவீதத்துக்கு மேல் பாதிப்பு இருந்தாலோ, பார்க்கின்சன், தண்டுவடப் பாதிப்பு போன்றவை இருந்தாலோ வருவாய்த் துறைக்குப் போகும் முன் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் அந்தத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

5. "போர்டுல 40-க்குக் கம்மியாப் போட்டுட்டாங்க. அவ்வளவுதானா?"

சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆனது. குழு முன்னால் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார், விரல் இல்லை என்றார், வந்துவிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எதிரில் வருபவர் முகம் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறவர் அவர். அதை அவர் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை. எலும்பு டாக்டர் எலும்பைப் பார்த்தார், கண்ணை யாரும் பார்க்கவில்லை. குழு முன்னால் நாம் கொண்டுபோய் வைப்பதைத்தான் அவர்கள் அளக்க முடியும்.

இரண்டு குறைபாடு இருந்தால் இரண்டையும் அளந்து சேர்க்க வழி உண்டு. ஆனால் நேராகக் கூட்ட மாட்டார்கள். பெரிய சதவீதத்தை அப்படியே வைத்து, 90-இல் அது போக மீதி எவ்வளவோ அந்த விகிதத்துக்குத்தான் சின்னதைச் சேர்ப்பார்கள். கால் 30, கண் 30 என்றால் கூட்டி 60 வராது, 50 வரும். ஆனாலும் 40-ஐத் தாண்டிவிடுகிறது, பாருங்கள். கண் டாக்டரிடம் தனியாகக் காட்டி, அந்தச் சீட்டோடு மறுமதிப்பீடு கேட்டு மனு கொடுத்தோம். இரண்டாவது தடவை அட்டை கைக்கு வந்தது.

போர்டுக்குப் போகும் முதல் நாள் ராத்திரி ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, படி ஏற முடிகிறதா, கையில் எதைப் பிடிக்க முடியவில்லை, எப்போது கண் தெரியவில்லை, கழிப்பறைக்குத் தனியாகப் போகிறாரா. பெரியவர்கள் டாக்டர் முன்னால் "பரவாயில்லைங்க, சமாளிச்சுக்குவேன்" என்று சொல்லிவிடுவார்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம், சாதாரண நாளில் எப்படி இருக்கிறாரோ அப்படியே சொன்னால் போதும்.

6. "மில்லுல 14 வருஷம் இருந்தார். பி.எஃப். பணத்தை மொத்தமா எடுத்துடலாமா?"

பி.எஃப். வேறு, அதோடு சேர்ந்த இ.பி.எஸ். என்கிற பென்ஷன் வேறு. பி.எஃப். சேமிப்பை எடுப்பது உங்கள் அவசரத்தைப் பொறுத்தது. பென்ஷனில் மட்டும் நிதானம் வேண்டும். 10 வருஷப் பணி இருந்தால் 58 வயதில் ஆயுள் முழுக்க மாத பென்ஷன் உண்டு. 9 வருஷம் 6 மாதம் இருந்தாலே 10 என்று எடுத்துக்கொள்வார்கள். 10-க்குக் கீழே என்றால்தான் பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுக்கிற பேச்சே வரும். இரண்டு மூன்று இடத்தில் வேலை பார்த்திருந்தால் எல்லாப் பணிக்காலத்தையும் யு.ஏ.என். என்கிற, வேலை மாறினாலும் மாறாத ஒரே பி.எஃப். எண்ணுக்குள் கொண்டுவந்து கூட்டிப் பாருங்கள். ஆறு வருஷம் ஒரு மில், ஐந்து வருஷம் இன்னொரு மில் என்று தனித்தனியாகக் கிடந்தால் இரண்டுமே உபயோகமில்லாதது போலத் தெரியும்.

50 வயது ஆனவுடனே கேட்டு வாங்கவும் முடியும். ஆனால் 58-க்கு முன்னால் எத்தனை வருஷமோ, அத்தனை வருஷத்துக்கும் ஆண்டுக்கு 4 சதவீதம் குறையும், அந்தக் குறைவு கடைசிவரை இருக்கும். சித்தப்பாவுக்கு 58-க்கு ஒரு வருஷம்கூட இல்லை, காத்திருந்தோம். வீட்டில் அடுப்பே எரியவில்லை என்றால் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. குறைந்தபட்ச பென்ஷன் 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாய். வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டவருக்கு இந்த 10 வருஷக் கணக்கே கிடையாது, அது தனி விதி. அப்படி ஒருவர் இருந்தால் பி.எஃப். ஆபீஸில் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

7. "உடம்பு முடியலைன்னா எழுதிக் குடுத்துட்டுப் போன்னு சொல்றாங்க. குடுத்துடலாமா?"

இ.எஸ்.ஐ. இருக்கிற ஆள் என்றால் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். வேலையில் இருக்கும்வரை நோய்க்கால உதவி என்று சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போல நீண்ட நாள் நோய்கள் 34-க்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. அதில் வந்தால் 80 சதவீதம், இரண்டு வருஷம்வரைகூட நீளும். அதற்குக் குறைந்தது இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். ராஜினாமா எழுதிக் கொடுத்த மறுநாள் இதையெல்லாம் கேட்டு அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு வாரம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

5 வருஷத்துக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ.-இல் இருந்து வயது வந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் வாழ்க்கைத் துணைக்கும் இ.எஸ்.ஐ. சிகிச்சையைத் தொடரலாம். மாதம் பத்து ரூபாய். தெரியாமல் விட்டவர்கள்தான் அதிகம்.

8. "கொத்தனார் வேலைதான் பார்த்தார். பி.எஃப்.-ஐக் கண்ணாலயே பார்த்ததில்லை."

அப்படியானால் நலவாரியம். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-லிருந்து இருக்கிறது. தையல், சலவை, ஆட்டோ, உடலுழைப்பு என்று மற்றத் தொழில்களுக்கும் தனித்தனி வாரியங்கள் உண்டு. பதிவு செய்ய 18-லிருந்து 60 வரைதான் வயது. அதனால் 57 வயதில் இன்னும் பதியவில்லை என்றால் இந்த மாதமே தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், அல்லது தொழிற்சங்கத்துக்காரரைப் பிடியுங்கள். பழைய அட்டை இருந்தால் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பிக்காமல் விட்ட அட்டையோடு 60 வயதில் போய் நிற்பது பெரிய வேதனை.

60 ஆனால் வாரிய ஓய்வூதியம், அதற்கு முன்னாலேயே வேலை செய்ய முடியாதபடி முடங்கிப்போனால் முடக்க ஓய்வூதியம். இந்த இரண்டாவதைப் பற்றி அட்டை வைத்திருக்கிற பலருக்கே தெரியாது. நான்காம் பதிலில் சொன்ன டாக்டர் சான்று இங்கேயும் வேண்டும். வாரிய ஓய்வூதியமும் ஓ.ஏ.பி.-யும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வராது, எது தொகை கூடவோ அதை வாங்குங்கள்.

9. "எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல வேலை இல்லாதவங்களுக்குப் பணம் தர்றாங்களே?"

அது இளைஞர்களுக்கு. பொதுப் பிரிவில் 40 வயது, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 45 வயதுதான் வரம்பு. மாற்றுத்திறனாளிக்கு மட்டும் வயது வரம்பு இல்லை, எனவே யு.டி.ஐ.டி. அட்டை இருந்து, படிப்பைப் பதிந்தும் வைத்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

10. "மாத்திரைக்கே காசு சரியாப் போகுது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன வழி?"

பெரிய சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022-க்கு முன் இது 72,000-ஆக இருந்தது, அப்போது தள்ளுபடியானவர்கள் மறுபடி முயன்று பார்க்கலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரை. கார்டு போட கலெக்டர் ஆபீஸில் தனிக் கவுன்டர் இருக்கும், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, குடும்பத்தார் ஆதார் எடுத்துப் போங்கள். நோய் வந்து படுத்த பிறகு ஓடாமல், நன்றாக இருக்கும்போதே போட்டு வைத்துவிடுங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993.

காப்பீடு படுத்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான், மாதா மாதம் மாத்திரை வாங்க உதவாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போதும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள், பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. உங்கள் பகுதி சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள். இன்னொரு லாபமும் இருக்கிறது: அரசுப் பதிவேட்டில் அவருடைய நோய் மாதா மாதம் ஏறிக்கொண்டே வரும். போர்டில் "எவ்வளவு நாளா?" என்று கேட்கும்போது கையில் பதில் இருக்கும்.

11. "60 ஆயிடுச்சு, மனு போட்டோம். மகன் இருக்கார்னு வி.ஏ.ஓ. எழுதிட்டார்."

பெயருக்கு மகன் இருப்பது வேறு, கஞ்சி ஊற்றுவது வேறு. மகன் தனிக்குடித்தனம், தனி ரேஷன் கார்டு, பெற்றவருக்கு எதுவும் தருவதில்லை என்பது உண்மையானால், அதை வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும்போதே கார்டு நகலோடு காட்டி, எழுத்திலும் கொடுங்கள். விசாரணைக்கு வரும் நாளில் அவர் வீட்டில் இருக்க வேண்டும். அசையாச் சொத்து 1 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியும் உண்டு, அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி ஆணை வந்துவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மகன் வசதியாக இருந்துகொண்டு கைவிட்டிருந்தால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத் தலைவர். மாதம் 10,000 ரூபாய்வரை கொடுக்க உத்தரவிடலாம், நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவரால் வர முடியாவிட்டால் அவர் அனுமதியோடு வேறொருவர் மனு போடலாம், அதாவது நீங்களே. பெற்றோர் என்ற முறையில் கேட்பதற்கு 60 வயது ஆகியிருக்கத் தேவையில்லை, ஆக முதலாம் கேள்வியில் வந்த 57 வயதுக்காரரும் கேட்கலாம். பெற்றவர்கள் பெரும்பாலும் இதற்குச் சம்மதிப்பதில்லை. "என் புள்ளையை ஆபீஸ்ல நிறுத்தறதா" என்பார்கள். வற்புறுத்தாதீர்கள். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

12. "மனு குடுத்து எட்டு மாசமாச்சு. போனா 'வரும் போங்க'ன்னு சொல்றாங்க."

முதலில் மனு எண் இருக்கிறதா? இ-சேவை மையத்தில் கொடுத்த ஒப்புகைச் சீட்டில் இருக்கும். அதை வைத்துத் தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பாருங்கள். கோப்பு யார் மேஜையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதில் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு, அல்லது முதல்வர் உதவி மையம் 1100-க்குப் போன்.

எனக்குத் தெரிந்தவரை நன்றாக வேலை செய்வது தகவல் உரிமைச் சட்ட மனு. ஒரு வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் வேண்டாம். "இன்ன தேதியில் கொடுத்த இன்ன எண் மனு மீது இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன, இப்போது யாரிடம் இருக்கிறது, தள்ளுபடி செய்திருந்தால் ஆணை நகல் தரவும்" என்று மூன்று வரி போதும். கோபமாக எதுவும் எழுத வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. ஒரு மனுவுக்குப் பதில் வருவதற்குள் ஓய்வூதிய ஆணையே வந்துவிட்டது.

13. "ஐயாயிரம் குடுத்தா ஒரே வாரத்துல போட்டுத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார்."

கொடுக்காதீர்கள். இ-சேவை மையத்தில் ஒட்டியிருக்கும் பலகையில் உள்ள கட்டணம் தவிர ஒரு பைசா இல்லை. பணம் கொடுத்தவர்கள் கடைசியில் அசல் ரேஷன் கார்டையும் அவரிடமே விட்டுவிட்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

14. "அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை வருது. அப்பாவுக்கு முதியோர் பணம் போட்டா அது நின்னுடுமா?"

இந்தப் பயத்தால் மனுவே போடாதவர்கள் இருக்கிறார்கள். 2023-இல் திட்டம் தொடங்கியபோது, ஓய்வூதியம் வாங்குபவர் இருக்கும் குடும்பத்தையே தள்ளிவைத்திருந்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே அதைத் தளர்த்திவிட்டார்கள். ஒருவர் முதியோர் ஓய்வூதியம் வாங்கினாலும், அதே வீட்டில் தகுதியுள்ள வேறொரு பெண் உரிமைத் தொகை வாங்கலாம். ஒரே அம்மா இரண்டையும் வாங்க முடியாது, அவ்வளவுதான்.

15. "ரேகை விழ மாட்டேங்குது."

சிமெண்டும் சுண்ணாம்பும் பிடித்த கை, தறி ஓட்டிய கை, ரேகை தேய்ந்துதான் போகும். ஒரு பாட்டி வங்கி முகவரின் மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே தலை குனிந்து நின்றதை மறக்க முடியவில்லை, ஏதோ தான் தப்பு செய்துவிட்டது போல. அப்படி அவரை நிற்க விடாதீர்கள். ஆதார் மையத்தில் ரேகையையும் கருவிழியையும் புதுப்பிக்கலாம். வங்கிக் கிளைக்கே நேரில் போய்ப் பணம் எடுக்கும் படிவத்தில் கைநாட்டு வைத்து வாங்கலாம். இ.பி.எஸ். பென்ஷனுக்கான உயிர்வாழ்சான்றை முகத்தைக் காட்டிச் செல்போனிலேயே பதியலாம், பதிந்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். ரேஷன் கடைக்குப் போக முடியாதவர், தன் சார்பாக வாங்க இன்னொருவரை எழுத்து மூலம் நியமிக்கலாம்.

16. "மூணு மாசமா வந்துட்டிருந்தது, திடீர்னு நின்னுபோச்சு."

புத்தகத்தில் பதிவு போட்டுக் கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். ஆதார் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம், ஆய்வுக்கு வந்த நாளில் ஆள் ஊரில் இல்லாமல் இருந்திருக்கலாம், இறந்துவிட்டார் என்று தவறாகப் பதிந்திருக்கலாம். காரணம் தெரியாமல் புது மனு போடாதீர்கள், அது இன்னும் சிக்கலாகும். 12-ஆம் பதிலில் சொன்ன தனி வட்டாட்சியரிடம் புத்தகத்தோடு அவரையே கூட்டிப் போங்கள். உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவர் வந்து நிற்பதைவிட என்ன சான்று வேண்டும்?

17. "அப்பா வர மாட்டேங்கிறார். பிச்சை எடுக்கிற மாதிரி இருக்குன்னு சொல்றார்."

எனக்கு வந்த கேள்விகளில் மனசுக்குக் கஷ்டமானது இதுதான். நாற்பது வருஷம் உழைத்துச் சாப்பிட்டவர் ஒரு மேஜைக்கு முன்னால் நின்று, தன்னால் எதெல்லாம் முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கூச்சமாகத்தான் இருக்கும். "இதுக்கெல்லாம் போய்" என்று அதட்டாதீர்கள். சித்தப்பாவிடம் நான் பி.எஃப்.-இலிருந்து ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அது அவர் சம்பளத்தில் பிடித்த பணம், கேட்பதில் கூச்சமில்லை. அங்கே ஒரு தடவை மரியாதையாகப் பேசி உட்கார வைத்தார்கள், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார்.

கூட்டிப் போகும்போது அவரையே பேச விடுங்கள். அதிகாரி உங்களைப் பார்த்துக் கேட்டாலும் "அப்பா, சொல்லுங்க" என்று அவர் பக்கம் திரும்புங்கள். தண்ணீர் பாட்டில், மதிய மாத்திரை, சர்க்கரை இறங்கினால் வாயில் போட இரண்டு மிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு ஆபீஸ் வேண்டாம்.

18. "வீட்டை என் பேருக்கு எழுதி வச்சுட்டா, சொத்து இல்லைன்னு ஆகி ஓய்வூதியம் வந்துடும்ல?"

1,200 ரூபாய்க்காக வீட்டை எழுதி வாங்காதீர்கள். வேறு காரணத்துக்காக எழுதுவதானால், தான செட்டில்மென்ட் பத்திரத்திலேயே "கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். 11-ஆம் பதிலில் சொன்ன சட்டத்தின் 23-ஆம் பிரிவில், அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யலாம். வீட்டைத் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 23-ஆம் பிரிவுக்கு 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். நல்ல பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் எந்த நஷ்டமும் இல்லை. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

19. "அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஏ.டி.எம். கார்டு, பேப்பர் எல்லாம் நானே வச்சுக்கலாமா?"

வேண்டாம். நகல் உங்களிடம் இருக்கட்டும், அசல் அவரிடம். ஓ.டி.பி. வந்தால் எதற்கு வந்தது என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். பணம் எடுத்துக் கொடுத்தால் சீட்டோடு கொடுங்கள். கார்டே இல்லாமல் புத்தகத்தை மட்டும் வைத்து வங்கியில் எடுப்பது நிறையப் பெரியவர்களுக்கு வசதியாக இருக்கிறது. மினிமம் பேலன்ஸ் என்று பிடிக்காத ஜன் தன் மாதிரிக் கணக்குதானா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மனு எங்கே, என்ன எண், அடுத்து எப்போது போக வேண்டும் என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வி.ஏ.ஓ. வந்து கேட்டால் அவரே எடுத்துக் காட்டலாம். சித்தப்பாவின் தாள், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் மஞ்சள் பையில் இருக்கிறது. கண் சரியாகத் தெரியாததால் மார்க்கர் பேனாவில் எழுதிக் கொடுத்தேன்.